முதலில் தெரபி, அப்புறம் பள்ளியா?

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போய் நிற்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. “முதல்ல தெரபி குடுங்க. பேச்சு வரட்டும், ஒரு இடத்துல உட்காரட்டும். கொஞ்சம் செட் ஆனதும் கூட்டிட்டு வாங்க, நாங்களே சேர்த்துக்கிறோம்.” தனியார் நர்சரிப் பள்ளியின் தாளாளர் இதை உறுதியாகச் சொல்கிறார். அங்கன்வாடி டீச்சர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். தெரபி மையங்கள் சிலவும் இதையே சொல்கின்றன. அதில் அவர்களுக்கு வருமானமும் இருக்கிறது. சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் இந்தக் கருத்து இவ்வளவு காலம் கேள்வி கேட்பாரில்லாமல் நடமாடுகிறது.

அதை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சிரமமே பிறரோடு பழகுவதில்தான். பழகக் கற்றுக்கொடுப்பது நுட்பமான வேலை. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் பாலர் வகுப்பு ஆசிரியைக்கு அந்தப் படிப்பும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே நிபுணர் தனியறையில் கற்றுக்கொடுக்கட்டும், கற்றுக்கொண்ட பிள்ளை பிறகு வகுப்புக்கு வரட்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. வகுப்பில் இருந்துதான் கற்க முடிகிற ஒன்றை, வகுப்புக்குள் நுழைவதற்கான தகுதியாக்கி வைத்திருக்கிறோம். நீந்தத் தெரிந்த பிறகு குளத்தில் இறங்கு என்று சொல்வது இதற்கு எவ்வளவோ மேல். அங்கே இழப்பு கொஞ்ச நேரம்தான். இங்கே போவது மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையிலான காலம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இவார் லோவாஸ் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு அது. வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படித்துத் தேறும் நிலைக்கு வந்ததாக அவர் எழுதினார். அந்த எண் உலகம் சுற்றியது. எந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் என்பது அந்த ஆய்வில் குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன. இவை இரண்டும் எண்ணோடு சேர்ந்து சுற்றவில்லை. இன்னொன்றும் மறந்துபோயிற்று: லோவாஸே தன் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் பிள்ளைகளைச் சாதாரணப் பாலர் பள்ளிக்குள் கொண்டுபோகப் பாடுபட்டார். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்த நாற்பது மணி நேரம் வாரத்துக்கு இரண்டு மூன்று முக்கால் மணி நேர ‘செஷன்’களாகச் சுருங்கிப்போய், தனியறை மட்டும் மிச்சமாக நின்றது.

அந்தத் தனியறையில் மேசை இருக்கிறது, படம் போட்ட அட்டைகள் இருக்கின்றன, பொறுமையான பெரியவர் ஒருவர் இருக்கிறார். இல்லாதது இன்னொரு நான்கு வயதுப் பிள்ளை. பழகும் திறன் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த இன்னொரு பிள்ளையிடம் காட்ட வேண்டியவை. பெரியவர் காத்திருப்பார், அரைகுறை சைகையையும் புரிந்துகொள்வார், தட்டிவிட்டாலும் சிரிப்பார். நான்கு வயதுக்காரி அப்படியில்லை. பந்தைப் பிடுங்குவாள், பதில் வரவில்லையென்றால் எழுந்து போய்விடுவாள், விளையாட்டின் விதியை நடுவழியில் மாற்றுவாள். தெரபிஸ்டிடம் ‘எனக்குக் குடு’ என்று அழகாகக் கேட்கும் பையன் இவளிடம் வாய் திறக்காமல் நிற்பதில் வியப்பென்ன? ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது ஆட்டிசம் உள்ள பலருக்கும் கடினம் என்பது இத்துறையில் யாரும் மறுக்காத செய்தி. அது தெரிந்தும், பிள்ளைகளே இல்லாத அறையில் பிள்ளைகளோடு பழகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோனி கசாரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்தபோது எனக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது. சாதாரண வகுப்புகளில் படிக்கும் ஆட்டிசக் குழந்தைகள் 60 பேர். ஒரு முறையில், பெரியவர் ஒருவர் ஆட்டிசக் குழந்தையைத் தனியே வைத்துக்கொண்டு பழகும் உத்திகளைக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு முறையில், அந்தக் குழந்தைக்கு எதுவுமே கற்றுக்கொடுக்கவில்லை. அதே வகுப்பின் மூன்று பிள்ளைகளை அழைத்து, விளையாட்டு மைதானத்தில் ஒதுங்கி நிற்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பயிற்சி தந்தார்கள். ஆறே வாரம்தான். வகுப்புத் தோழர்களின் நட்பு வட்டத்துக்குள் அதிகம் வந்ததும், மைதானத்தில் தனித்து நிற்பது குறைந்ததும் தோழர்களுக்குப் பயிற்சி தந்த முறையில்தான். அந்தக் குழந்தைகள் ஆறு முதல் பதினொரு வயது வரையிலானவர்கள், பாலர் வகுப்பினர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் கேள்வி எழாமல் இருக்குமா? சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இவ்வளவு நடக்குமென்றால், சுற்றியிருக்கும் பிள்ளைகள் யாருடைய கையில் இருக்கிறார்கள்? தெரபிஸ்டின் கையிலா, டீச்சரின் கையிலா?

அடுத்த ஆட்சேபம் உடனே வருகிறது: டீச்சர் நிபுணர் இல்லையே.

இந்த ‘நிபுணத்துவம்’ என்பது நடைமுறையில் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். பால்வாடியில் ஒரு காலைப் பொழுது. ஒரு பையன் மூலையில் உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். பேச்சு அதிகமில்லை. பயிற்சி இல்லாத டீச்சர் இரண்டில் ஒன்றைச் செய்வார். தொந்தரவில்லாமல் இருக்கிறான் என்று விட்டுவிடுவார். இல்லாவிட்டால் மூடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் உட்கார வைப்பார், அவன் கத்துவான். பயிற்சி பெற்றவர் இன்னும் நாலு மூடிகளை எடுத்துக்கொண்டு, சாந்தமான ஒரு சிறுமியையும் கூட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவார். அவன் மூடி சுழலும்போது சிறுமியின் மூடியும் சுழலும். சற்று நேரத்தில் மூடிகள் எல்லாம் சிறுமியின் மடிக்குப் போய்விடும். இப்போது அவன் கேட்க வேண்டியது டீச்சரிடம் இல்லை, அவளிடம். அவன் கையை நீட்டுவான், அல்லது அவள் மடியைப் பார்ப்பான். “குடுன்னு சொல்லு, குடுன்னு சொல்லு” என்று டீச்சர் முந்திக்கொள்ளக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அவன் ஏதோ ஒரு விதத்தில் கேட்டதும் சிறுமி மூடியைத் தர வேண்டும். அவ்வளவுதான். அந்த ஐந்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது ஆசிரியர்களுக்கு லேசில் வராது என்பது வேறு விஷயம். பயிற்சியில் பாதி அதற்குத்தான்.

இதேபோல் இன்னும் பல. சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை ஆயா மொத்தமாகப் பரப்பாமல், அவன் கையில் கொடுத்து ஒவ்வொரு பிள்ளைக்காகக் கொடுக்கச் சொல்லலாம். ஒரே வேளையில் இருபது முறை ஒருவர் முகத்துக்கு நேரே போய் வருவான். பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, அவன் முடிப்பதற்கு இடம் விடலாம். பாட்டு முடிந்தால் வெளியே விளையாட்டு, அது முடிந்தால் சாப்பாடு என்று மூன்று படங்களைச் சுவரில் ஒட்டி, மாறும்போதெல்லாம் காட்டலாம். அழுகையில் பெரும்பகுதி அடுத்து என்ன என்று தெரியாததால் வருவது. மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிடு, பொம்மையைக் காட்டு, அவன் பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, இன்னொரு தரம் கூப்பிடு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு, கதை, மணல், மேளம், வட்டம் எல்லாம் அதில் உண்டு. ஆட்டிசக் குழந்தைக்குத் தேவையான வாய்ப்புகளில் பெரும்பாலானவை அதிலேயே கிடக்கின்றன. எந்த இடத்தில் நிறுத்துவது, யாரை யாரோடு சேர்ப்பது என்பதைத்தான் டீச்சருக்குப் பழக்க வேண்டும்.

இது வெறும் ஆசை என்று நினைப்பவர்களுக்கு, பிலிப் ஸ்ட்ரெயின் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆரம்பித்த லீப் என்ற பாலர் பள்ளி முறையைப் பார்க்கச் சொல்வேன். ஆட்டிசக் குழந்தைகள் சிலர், மற்ற குழந்தைகள் அதைவிடப் பலர், ஒரே வகுப்பு. கற்பிப்பவர் வகுப்பாசிரியர், கூடக் கற்பிப்பவர்கள் அந்த மற்ற குழந்தைகள். 2011இல் ஸ்ட்ரெயினும் எட்வர்ட் போவியும் இதன் பெரிய சோதனையை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் 28 வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வகுப்புக்கே போய்ப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு 28 வகுப்புகளுக்குக் கையேடுகளையும் பயிற்சிப் பொருள்களையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 294 குழந்தைகள். முடிவில் முதல் பிரிவின் வகுப்புகள் அந்த முறையில் ஏறத்தாழ 87 சதவீதத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தன; கையேடு மட்டும் பெற்றவை 38 சதவீதத்தில் நின்றன. குழந்தைகளின் மொழி, அறிவுத்திறன், பழகும் திறன் எல்லாவற்றிலும் முதல் பிரிவே முன்னால் நின்றது.

இந்த ஆய்வு ஒரே அடியில் இரண்டு பேரை அடிக்கிறது. டீச்சரால் முடியாது என்பவர்களை ஒரு கையால். ஒரு நாள் கூட்டம் போட்டுக் கையேட்டைக் கொடுத்தால் டீச்சர் தயார் என்று நினைக்கும் அதிகாரிகளை இன்னொரு கையால். இரண்டாவது தரப்பைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் ஊரில் பயிற்சி என்றால் அதுதான் என்று பழகிவிட்டது. மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்துக்கு என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் பால்வாடி டீச்சர் காதில் விழும்போது மிஞ்சுவது வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தும் மதியச் சாப்பாடும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பர் 28 அன்று வெளியிட்டது. ஆரம்ப அறிகுறிகளைக் கண்டறிவது, சமூக நிகழ்வுகளில் சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணை நிற்பது, மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவைப்பது என்று மூன்று படிகள் அதில் உண்டு. வரவேற்க வேண்டிய ஆவணம். ஆனால் அடையாளம் கண்டு அனுப்பிவைப்பதை எளிதாகவும், அனுப்பியவன் திரும்பி வந்து வட்டத்தில் உட்காரும்போது என்ன செய்வது என்பதைக் கடினமாகவும் விட்டுவிட்டால், டீச்சர் எளிதானதைத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணமுள்ள பெற்றோருக்கு இதற்கொரு மாற்று கிடைத்திருக்கிறது: ஷேடோ டீச்சர். பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பென்சில் எடுத்துக் கொடுத்து, வாயைத் துடைத்து, அவனுக்காகப் பதிலும் சொல்ல ஓர் ஆள். சம்பளம் பெற்றோரின் பொறுப்பு. பல தனியார் பள்ளிகள் இதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாகவே வைக்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஜியான்கிரெகோவும் அவர் குழுவினரும் 1997இலேயே, இப்படி ஒட்டிக்கொண்டே இருக்கும் உதவியாளர்களால் என்ன நடக்கிறது என்று வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் தன் மாணவனாக நினைப்பதை விட்டுவிடுகிறார். மற்ற பிள்ளைகள் நெருங்குவது குறைகிறது. பிள்ளை பெரியவரையே சார்ந்துவிடுகிறான். யோசித்துப் பார்த்தால் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. பக்கத்தில் எந்நேரமும் ஓர் அக்கா உட்கார்ந்திருக்கும் பையனிடம் எந்த நான்கு வயதுக்காரன் போய்ச் சண்டை போடுவான், கட்டிப் பிடிப்பான்? எல்லா உதவியாளரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக ஆள் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் உதவியாளர் வகுப்புக்கு உதவ வேண்டும். ஒரு பிள்ளையைச் சுற்றி அவரே சுவராகிவிடக் கூடாது.

இனி நியாயமான கேள்விகளுக்கு வருவோம். அங்கன்வாடி டீச்சருக்கு ஏற்கெனவே என்னென்ன வேலை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தைகளை எடை போட வேண்டும், கர்ப்பிணிகளுக்கு இணை உணவு தர வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போக வேண்டும். இதன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றினால் அவர் எரிச்சலடைவார், நியாயமாகவே. வேலையில் சிலவற்றைக் குறைக்காமல் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். தனியார் நர்சரிகளின் கதை வேறு. அவர்களுடைய ‘நேரமில்லை’யில் பாதி, மூன்று வயதில் எழுத்தும் எண்ணும் எழுதவைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து வருகிறது. எழுதவைப்பதை விட்டால் நேரம் வரும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

எல்லா ஆய்வுகளும் என் பக்கம் நிற்கின்றனவா? இல்லை. அமெரிக்கப் பாலர் வகுப்புகளில் ஆசிரியர்களைக் கொண்டு நடத்திய ஏ.எஸ்.ஏ.பி. என்ற முறையின் சோதனை முடிவு 2018இல் வந்தது. பழகும் திறன், விளையாட்டு என்ற முதன்மை அளவீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வகுப்பில் குழந்தை ஈடுபடுவதில்தான் முன்னேற்றம் தெரிந்தது. எதிர்த்தரப்பு இதை எடுத்துக்காட்டினால் நான் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. டீச்சருக்குக் கொடுக்கும் எந்தப் பயிற்சியும் மந்திரம் போல வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிப்பட்ட பயிற்சி, எவ்வளவு காலம், யார் கூட நின்றார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெரபி அறைக்கும் இதே கேள்வியைப் போட்டால் அங்கிருந்து வரும் விடையும் கலவையாகத்தான் இருக்கும். அதைக் காட்டி யாரும் தெரபி அறைகளைப் பூட்டச் சொல்வதில்லையே.

நிபுணர் அல்லாதவர்களால் முடியுமா என்பதற்குத் தெற்காசியாவிலேயே ஒரு விடை இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான பாஸ் என்ற ஆய்வில், இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான 65 ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தந்தவர்கள் சிறப்பு மருத்துவர்களோ தெரபிஸ்டுகளோ அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கில் போய்ப் பழகுவது கூடியது; பிள்ளை தானாகப் பேச்சுக்கொடுக்க முன்வருவதும் கூடியது. எல்லா அளவீட்டிலும் முன்னேற்றம் இல்லை. ஒன்றாக ஒரே பொருளில் கவனம் வைத்திருக்கும் நேரம் குறையவே செய்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் உள்ளூர்க்காரர்களைப் பயிற்றி, பின்னால் நிபுணர்களை நிறுத்தி, வீடுகளுக்கு அனுப்பும் முறையில்தான் ஆரம்பகாலச் சிகிச்சையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. நிபுணர் பத்துப் பிள்ளைகளுக்குச் செய்யலாம். அதே நேரத்தில் பத்து டீச்சர்களுக்குப் பக்கத்தில் நிற்கவும் செய்யலாம்.

வேறொரு திசையிலிருந்து வரும் கண்டனமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே அதை எழுப்புகிறார்கள்: பழகும் திறன் பயிற்சி என்ற பெயரில் எங்களை உங்களைப் போல நடிக்கவைக்கிறீர்கள், கண்ணைப் பார், கையை ஆட்டாதே, எல்லோரும் சிரித்தால் சிரி என்கிறீர்கள். இதை நான் மறுக்கப்போவதில்லை. தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது முக்கியமானது: புரியாமை இருபக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் புரிவதில்லை என்றால், மற்றவருக்கும் அவர் புரிவதில்லை. எடின்பரோவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் ஒரு செய்தியைக் கைமாற்றியபோது மற்றவர்கள் தமக்குள் கைமாற்றிய அளவுக்கே அது நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. இதை ஏற்றுக்கொண்டால் தனியறைத் தெரபிக்குத்தான் சங்கடம். அங்கே மாற்றுவதற்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆள், அந்தக் குழந்தை. வகுப்பில் மற்ற இருபது பேரும் இருக்கிறார்கள். கையை ஆட்டினால் சிரிக்காமல் இருக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கண்ணைப் பார்க்காமலேயே ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியவரும். டீச்சருக்குத் தரும் பயிற்சியில் ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று இலக்கு எழுதியிருந்தால் அந்தப் பயிற்சியைத் திருப்பி அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கைக்கு முன் பிள்ளையைச் சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் ஒருங்கிணைந்த கல்வி கிடைக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது. ஆனால் அதன் 31ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும்தான். மூன்று முதல் ஆறு வரை, கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எந்த வயதில் உதவி அதிகம் தேவையோ அந்த வயதில் சட்டம் மென்மையாகப் பேசுகிறது. ‘செட் ஆனதும் வாங்க’ என்று சொல்பவருக்குத் துணிச்சல் வருவது இந்த இடைவெளியிலிருந்துதான்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெரபிஸ்டை நியமிக்க எந்த அரசாலும் முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பது இதுதான். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் பஸ் ஏறி அந்த மையத்துக்கு வருவதற்குப் பதில், வாரத்தில் சில நாள் அவர்கள் பால்வாடிக்குப் போகட்டும். போய்ப் பிள்ளையைத் தனியே கூட்டிக்கொண்டு உட்காராமல், டீச்சர் பக்கத்தில் நின்று அவர் செய்வதைப் பார்த்து, செய்துகாட்டி, மறு வாரம் வந்து மறுபடி பார்க்கட்டும். எடையையும் பதிவேட்டையும் சரிபார்க்க வரும் மேற்பார்வையாளர், இந்தப் பிள்ளை இன்று யாரோடு விளையாடினான் என்ற ஒரு கேள்வியைத் தன் படிவத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். தனியார் நர்சரிகளின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது, ஆசிரியைகளுக்கு வகுப்பிலேயே தொடர் பயிற்சி கிடைத்ததா என்று கல்வித் துறை கேட்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். ஓர் அரசாணை போதும். சமூக நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரும் கல்வியாண்டுக்குள் அதை வெளியிட வேண்டும்.